கரண்ட்

புகார்ப் பதிவேட்டில் நாலு கட்டம்.
நேரம், பெயர், தெரு, குறை.
குறை என்ற கட்டத்தில்
மூன்று வருடமாக ஒரே சொல்லை எழுதுகிறேன்.
முதலில் 'கரண்ட் இல்லை' என்று முழுசாக,
பிறகு 'க. இல்லை',
இப்போது வெறும் 'க.'

வாரியத்தின் பலகையில் மட்டும் மின்சாரம்.
தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுக்கும்
அந்தப் பெயரில் அது போனதில்லை.

பரீட்சைக்குப் படித்த காலத்தில்
கமுதி பஸ் ஸ்டாண்டு எதிரே
அரை விலைக்கு ஓர் அகராதி வாங்கினேன்.
லத்தீனில் 'ஓடுவது' என்று போட்டிருந்தது.
கரன்சியும் அதே வயிற்றுப் பிள்ளையாம்,
கூரியரும்.
பேங்கில் கரண்ட் அக்கவுண்ட் என்றால்
பணம் உட்காராமல் ஓடுகிற கணக்கு.
நடப்பு மாதம், நடப்பு ஆண்டு
எல்லாம் இதில் சேர்த்தி,
ஓடிக்கொண்டே இருப்பதால்.
எங்கள் குண்டாற்றில் ஓடியது மணல் லாரி.
நான் மனப்பாடம் செய்ததோடு சரி.

நம் ஜனங்கள் அதை ஓடவும் விடவில்லை.
வந்துருச்சு, போயிருச்சு,
மாப்பிள்ளையைச் சொல்வதுபோல.
அடிச்சிருச்சு என்பார்கள்,
அதுவும் சில மாப்பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி,
இரண்டே முக்கால்.
போனில் ஒரு பெண்.
"கரண்டு இழுத்துட்டுப் போயிருச்சு சார்."
நான் சார் இல்லை. தூக்கத்தில் திருத்தவில்லை.
"எந்த ஏரியா?"
"கஸ்மீர் வள்ளம்."
தெரு: கஸ்மீர் வள்ளம் என்று எழுதினேன்.
குறை: க.
"லைனத் தாண்டியிருக்குமோன்னு
பயமா இருக்கு சார்."
"லைன்மேன் விடிஞ்சுதான் வருவாரு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
காற்று மட்டும் பேசியது.
பிறகு, என் குரலை அப்போதுதான் கேட்டவள்போல,
"எம்மா, நான் சொல்றது கடல்ல போட்ட லைனு.
இது மெரைன் போலீசு இல்லையா?"

காலண்டரில் இரண்டு நம்பரையும்
கீழும் மேலுமாகக் குறித்து வைத்திருக்கிறாள்.
எஞ்சின் நின்று போனதாம்.
நீவாடு கிழக்கே இழுக்கிறதென்று
எட்டு மணிக்குப் பேசியவன்,
அப்புறம் டவர் இல்லையாம்.
நீவாடு என்றால் ஆபீசில் யாருக்கும் விளங்காதென்று
கரண்டு என்று சொல்லப் பழகியிருந்தாள்.
எனக்கும் விளங்கத்தான் செய்தது,
ரொம்ப நன்றாகவே.

நம்பரைச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.
அவள் பேர் டெல்வினா என்றாள், நான் கேட்காமலே.
போன் வைத்த பிறகும்
பதிவேடு திறந்தே கிடந்தது.
அந்த வரியை அடிக்கக் கை வரவில்லை.
ஜன்னலில் தெருவிளக்குகள்
ஒன்று விடாமல் எரிந்துகொண்டிருந்தன.
அன்று ராத்திரி ஊர் முழுக்கக் கரண்ட் இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
அகராதியில் முதல் பொருளே தண்ணீர்தான்.
கம்பிக்குள் போகிறதுக்கு
ரொம்பக் காலம் பிந்தி,
தண்ணீரைப் பார்த்து இட்ட பெயர்.
வறண்ட ஊர்க்காரி,
ஒன்று என்று நம்பர் போட்டிருந்ததைத் தாண்டி
மூன்றுக்கு அடிக்கோடு போட்டிருந்தேன்.
பரீட்சையில் அதைத்தான் கேட்பார்கள்.

நாலு நாள் போனை முதல் மணியிலேயே எடுத்தேன்.
சூசையப்பர் தெரு, க.
மாந்தோப்பு, க.
ஐஸ் கம்பெனி, க., அவசரம்.
மீன் வாங்கப் போன இடத்தில்
கேட்டிருக்கலாம், யாரிடமாவது.
கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று
சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் ஒன்பதரைக்கு அதே குரல்.
"கரண்டு இல்லம்மா."
நான் வாயைத் திறக்கவில்லை.
"வீட்டுக் கரண்டுதாம்மா," என்றாள் அவசரமாக.
தெருவைக் கேட்டேன். சொன்னாள்.
அவளுக்குப் பின்னால் இருட்டில்
ஓர் ஆண் குரல்
கொசுவைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தது.